வருவேன் என்று நாய்க்கு எப்படிச் சொல்வது?



உங்களில் எத்தனை பேர் வீட்டில் நாய் இருக்கிறது? கையைத் தூக்குங்கள், பார்ப்போம். அடேயப்பா, இத்தனை கைகளா! சரி, இறக்குங்கள். இப்போது இரண்டாவது கேள்வி. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியே போன பிறகு உங்கள் நாய் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு கையும் தெரியவில்லையே! வெட்கப்பட வேண்டாம். நானும் பார்த்ததில்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொல்லி, தண்டனையும் கொடுத்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொடைரோடு. கொடைக்கானல் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் ஊர். இறங்கியதும் பஸ்ஸையோ காரையோ பிடித்து மலைக்குப் போய்விடுவார்கள். பெயரில்தான் கொடை இருக்கிறது. குளிர் மருந்துக்கும் கிடையாது. இந்தப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் 36 வருடம் வேலை பார்த்துவிட்டு 2016-ல் ஓய்வு பெற்றேன். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான். தெருப் பிள்ளைகளுக்கு நான் இன்றும் ‘டீச்சர் பாட்டி’.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிலர் அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள், அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்த என் மகன், இ-பாஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தான். அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. பேரனுக்குச் செல்போனில் பள்ளிக்கூடம். ஜூலை மாதம் ஒரு மழை நாளில், கண்ணைத் திறந்து கொஞ்ச நாளே ஆன நாட்டு நாய்க்குட்டி ஒன்று எங்கள் வாசல்படியில் வந்து ஒடுங்கிக்கொண்டது. பேரன் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்தான். மணி என்று பெயர் வைத்தோம். 

மணி வளர்ந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எந்த நேரமும் ஐந்து பேர். ஒருவர் எழுந்தால் நான்கு பேர் இருப்பார்கள். இரவில் பேரன் கட்டிலுக்கு அடியில் படுக்கை. இப்படியே பதினைந்து மாதம். அந்தப் பதினைந்து மாதத்தில் அது ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்ததில்லை. தனிமை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அதற்குத் தெரியாது.

2021 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தார்கள். தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆனாலும் பள்ளி திறக்கும் நாளில் பிள்ளை போகாமல் இருக்கலாமா? அதுவும் டீச்சர் வீட்டுப் பிள்ளை! இரண்டு நாள் முன்னதாகவே இரவு ரயிலில் ஏற்றிவிட்டோம். மணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். வத்தலக்குண்டில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலை ஏழு மணிக்கு மணிக்குச் சோறு வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு நானும் எங்கள் வீட்டுக்காரரும் கிளம்பினோம். திரும்பி வந்தபோது மதியம் இரண்டரை.

கதவைத் திறந்தால், உள்பக்கம் கதவின் கீழ்ப்பாதி முழுவதும் பிறாண்டல். நிலைப்படியில் ரத்தம். முன்கால் நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது. கதவோரம் மூத்திரம். என் ரப்பர் செருப்பு நார் நாராகக் கிடந்தது. வைத்த சோறு மட்டும் வைத்தபடியே இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்குமாற்றை எடுத்து இரண்டு போட்டேன்.

மணி தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பியது. “பாருங்க, தப்புப் பண்ணினது அதுக்கே தெரியுது. நம்ம விட்டுட்டுப் போன கோவத்துல வேணும்னே பண்ணியிருக்கு” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நகத்துக்கு மஞ்சள் வைக்கப் போய்விட்டார்.

குழந்தைகளே, உங்கள் வீட்டிலும் இதே வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். “மூஞ்சியைப் பாரு, திருட்டு முழி!” என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்தத் திருட்டு முழியைத்தான் சோதித்துப் பார்த்தார். 2009-ல் வெளியான சோதனை அது. 14 நாய்கள். வளர்ப்பவர் நாயிடம் ‘இந்தத் தின்பண்டத்தைத் தொடாதே’ என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். சில நாய்கள் தின்னும், சில தின்னாது. ஆனால் திரும்பி வந்தவரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்பட்டன. முடிவு என்ன? நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்லை. திட்டு வாங்கிய நாய்தான் அப்படி முழித்தது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கியபோதும் முழித்தது. அதாவது அது குற்ற உணர்ச்சி இல்லை. எதிரே நிற்கும் கோபக்காரரைப் பார்த்துப் பயம்! அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்ற கோபக்காரர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு முறை பூட்டிவிட்டுப் போனபோதும் இதே கதை. பக்கத்து வீட்டில் புகார் வந்தது. “என்ன டீச்சர், நீங்க போனதுலருந்து ஊளை. வீட்டுல பெரியவங்க படுத்திருக்காங்க, கேக்க நல்லாவா இருக்கு?” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நாய் ஊளையிட்டால் ஆகாது என்ற நம்பிக்கை இங்கே இன்னும் இருக்கிறது. யோசனைகளும் வந்தன. சங்கிலியில் கட்டுங்கள் என்றார் ஒருவர். இன்னொருவர், “ஒரு சாக்குல போட்டுச் சிறுமலைப் பக்கம் விட்டுட்டு வந்துருவோம் டீச்சர், நானே கொண்டு போறேன்” என்றார். நல்ல மனிதர்தான், உதவியாகத்தான் சொன்னார்.

இந்த இரண்டு யோசனைகளையும் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. மிகக் குட்டையான சங்கிலியிலோ மிகக் கனமான சங்கிலியிலோ நியாயமில்லாத நேரம் ஒரு பிராணியைக் கட்டி வைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் குற்றம். பசியிலோ தாகத்திலோ வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவதும் குற்றம். இந்தச் சட்டம் வருவதற்குப் பெரிய காரணமாக இருந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல்! பரதநாட்டியத்துக்காக, கலாக்ஷேத்ராவுக்காக அவரைத் தெரிந்திருப்பீர்கள். 1952-ல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், வாயில்லாப் பிராணிகளுக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகுதான் 1960 சட்டம் வந்தது. நாங்கள் படிக்கும்போது பாடப் புத்தகத்தில் அவருடைய நடனத்தைச் சொன்னார்கள்; இதைச் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் குறைதான்.

மணியை நிலக்கோட்டையில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். இளவயதுக்காரர். நகத்துக்கு மருந்து போட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது.

“வச்ச சோத்தைச் சாப்பிட்டுச்சாம்மா?”

“தொடவே இல்லை டாக்டர்.”

“நீங்க வந்தப்புறம்?”

“ஒரே நிமிஷத்துல காலி.”

“அப்ப இது கோவம் இல்லம்மா. குறும்பும் இல்ல. பயம். ரொம்பப் பயந்தா நமக்கே சோறு இறங்காதுல்ல? பிரிவுப் பதற்றம்னு சொல்லுவோம். ஒரு தடவை செல்போன்ல படம் எடுத்துட்டு வாங்க.”

பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் தன் அப்பாவின் பழைய செல்போனை எங்கள் ஜன்னல் மேடையில் சாய்த்து வைத்துத் தந்தாள். நாங்கள் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டோம். பிறகு மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். கதவு சாத்தி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மணிக்கு மூச்சு இரைக்கிறது. எச்சில் ஒழுகுகிறது. கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு. பிறகு கழுத்தை நிமிர்த்தி ஒரு ஊளை. பிறகு கதவைப் பிறாண்டல். என் செருப்பைக் கடித்தது என்றேனே, அதைக் கடிப்பதற்கு முன் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

செருப்பு ஏன்? வீட்டில் எங்கள் வாசனை அதிகம் இருந்த பொருள் அதுதான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸ் என்பவர், நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் பழக்கி அவற்றின் மூளையைப் படம் பிடித்தார். (என் வகுப்பில் ஒரு குழந்தையை அப்படி ஒரு நிமிடம் அசையாமல் வைக்க என்னால் முடிந்ததில்லை!) பல வாசனைகளைக் காட்டியபோது, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மூளையில் ஆசையோடும் எதிர்பார்ப்போடும் தொடர்புடைய பகுதி மிக அதிகமாக வேலை செய்ததாம். நாம் ‘பழிவாங்கிவிட்டது’ என்று திட்டுகிற நாய், நம்மைத் தேடி நம் செருப்பிடம் போயிருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்த்திருக்கிறேன்!

ஒன்றாம் வகுப்பின் முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு 36 முதல் நாட்கள் நினைவிருக்கின்றன. அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பிள்ளை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும் பிள்ளை, டிபன் டப்பாவைத் தொடாத பிள்ளை, டவுசரை நனைத்துவிடும் பிள்ளை. எல்லாம் மணி செய்ததுதான். அந்தப் பிள்ளைகளை ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று நான் அடித்ததில்லை. அம்மா திரும்பி வருவாள் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். சில அம்மாக்கள் பிள்ளை பலகையைப் பார்க்கும் சமயம் பார்த்து நழுவிப் போய்விடுவார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். நான் அவர்களை வேப்ப மரத்தடியில் உட்காரச் சொல்வேன். முதல் நாள் பிள்ளை கண்ணுக்குத் தெரியும்படி. அடுத்த நாள் கொஞ்சம் தள்ளி. பிறகு கடை வரை போய் வரச் சொல்வேன். ஒரு பையன் அம்மாவின் பழைய துண்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஒரு மாதம் வந்தான். யார் சிரித்தாலும் நான் விடவில்லை.

பிள்ளைக்காவது ‘மணி அடிச்சதும் வந்துடுவேன் கண்ணு’ என்று சொல்லலாம். நாய்க்கு அந்தச் சொல் புரியாது. போய்ப் போய், வந்து வந்துதான் அதைச் சொல்ல வேண்டும்.

அப்படித்தான் தொடங்கினோம். முதல் நாள் நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ஐந்து வரை எண்ணிவிட்டு வெளியே வந்தேன். மணி எழுந்திருக்கக்கூட இல்லை. அதற்குள் நான் வந்துவிட்டேனே! பத்து முறை இப்படி. பிறகு வாசல் கதவு. வெளியே போய்ப் பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்பி வருவது. அடுத்து இருபது. பிறகு வெறும் ஐந்து. பிறகு முப்பது. ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போகக்கூடாது. ‘இந்தத் தடவை இன்னும் நேரமாகும்’ என்று அதுவும் கணக்குப் போடும். மிக முக்கியம், அது பதறுவதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட வேண்டும். ஊளை வந்துவிட்டால் தப்பு நம்முடையது. கணக்கைக் கூட்டிவிட்டோம் என்று அர்த்தம். அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். ‘அழட்டும், அழுது பழகட்டும்’ என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். பயத்துக்குள் தள்ளிப் பயத்தைப் போக்க முடியாது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குகிறோம் என்பார்களே, அதில் பிழைத்தவன் மட்டும்தான் வந்து கதை சொல்வான்.

முதல் வாரம் முடிந்தபோது இரண்டு நிமிடம் வந்தது. ஒரு மாதத்தில் இருபது நிமிடம். அரை மணி நேரத்தைத் தாண்டிய பிறகு வேகம் பிடித்தது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. இந்த இரண்டரை மாதமும் அதைத் தனியே விடவே இல்லை. அவர் ரேஷன் கடைக்குப் போனால் நான் வீட்டில். நான் கல்யாணத்துக்குப் போனால் அவர் வீட்டில். எங்கள் இருவருக்கும் சண்டை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது!

சாவிக் கொத்து ஒரு தனிக் கதை. சாவியைக் கையில் எடுத்தாலே மணி நடுங்கத் தொடங்கும். நாங்கள் போவதற்கு முன்பே பயம் வந்துவிடும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் பற்றி உங்கள் அண்ணன், அக்காமார் படித்திருப்பார்கள். 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். சோறு வருவதற்கு முன் ஒரு சத்தம், சோறு வருவதற்கு முன் அதே சத்தம் என்று பழக்கினால், பிறகு சத்தம் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று கண்டவர். எங்கள் வீட்டில் சாவிச் சத்தத்துக்கு எச்சில் ஊறவில்லை, நடுக்கம் ஊறியது. அதனால் அந்த முடிச்சை அவிழ்த்தோம். ஒரு நாளைக்கு இருபது தடவை சாவியை எடுப்பேன். எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு சீரியல் பார்ப்பேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்தில் மணிக்குச் சாவி அலுத்துப் போய்விட்டது.

கிளம்பும்போது கட்டிப்பிடித்து, “போயிட்டு வரட்டுமா என் ராசா” என்று பெரிய வழியனுப்பு விழா வேண்டாம். கிளம்புவதற்கு முன் நன்றாக நடக்க வைத்து, ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவிட்டு, களைத்துப் படுக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் போவது நல்லது. நாங்கள் உடுத்திய பழைய லுங்கியைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போடுவோம். தயிர்சாதத்தை உப்பில்லாமல் பிசைந்து, அகலக் கிண்ணத்தில் அழுத்தி, குளிர்பெட்டியில் உறைய வைத்து எடுத்துக் கொடுப்போம். நக்கி முடிக்கக் கால் மணி நேரமாகும். ஆனால் ஒன்று: பயத்தில் இருக்கும் நாய் தின்னாது. கிண்ணம் அப்படியே இருந்தால் நம் கணக்கு இன்னும் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். 

தீனி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. பிள்ளைகள் கையில் எப்போதும் ஒரு கொத்து இருக்கும். ஆசையாக நாய்க்கும் நாலு போடுவார்கள். போடாதீர்கள்! திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். அதில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் புளியிலும் உண்டு, புளிசாதமும் வேண்டாம். சாக்லேட், வெங்காயம் இரண்டும் கூடாது. மனிதர் சாப்பிடும் தூக்க மாத்திரையை யாராவது கொடுக்கச் சொன்னால் ஓடியே போய்விடுங்கள். சில நாய்களுக்குப் பழக்கத்தோடு மருந்தும் தேவைப்படும். அதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“நாங்க சின்ன வயசுல நாய் வளர்க்கலையா? இதெல்லாம் எங்க பார்த்தோம்?” என்று என் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். எங்கள் சின்ன வயதில் வீட்டைப் பூட்டினதே இல்லை. திண்ணையில் ஒரு பாட்டி இருப்பார். தொழுவத்தில் யாராவது இருப்பார்கள். அப்பா வயலுக்குப் போனால் நாயும் பின்னால் போகும். நாயைத் தனியாக விடவே இல்லை. பிறகு எப்படித் தெரியும்? இப்போது இரும்புக் கேட், மதில் சுவர். அப்பா மில்லுக்கு, அம்மா ஆபீசுக்கு, நீங்கள் பள்ளிக்கூட வேனில். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை பூட்டிய வீடு. பழைய மாதிரி அவிழ்த்து விட்டுவிடலாமே என்றால், எங்கள் ஊரை ஒட்டியே நான்கு வழிச்சாலை ஓடுகிறது. அதில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களை நான் எண்ணுவதில்லை. காலம் மாறியது மனிதரால். அதற்குப் பழக்க வேண்டிய பொறுப்பும் மனிதருடையதுதான் என்பது என் கட்சி.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு ஒப்பு இல்லை. மணி தேடியது நாயை இல்லை, எங்களை. பல வீடுகளில் ஒரு ஊளைக்கு இரண்டு ஊளையாகத்தான் ஆகும்.

ஜப்பான் நாட்டு ஹச்சிகோ கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையம். வேலைக்குப் போய் வரும் பேராசிரியர் யுவெனோவை எதிர்கொள்ள அந்த நாய் அங்கே வரும். 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் அவர் இறந்துவிட்டார். 1935 மார்ச்சில் தான் இறக்கும் வரை, ஏறக்குறைய பத்து வருடம், ஹச்சிகோ அந்த நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது உயிரோடு இருக்கும்போதே 1934-ல் அங்கே அதற்குச் சிலை வைத்தார்கள். நன்றியுள்ள பிராணி என்று நானும் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி, பிள்ளைகளைக் கைதட்ட வைத்திருக்கிறேன். ரயில் நிலைய ஊர்க்காரியான எனக்கு இப்போது அந்தக் கதை வேறு மாதிரிப் படுகிறது. பத்து வருடத்தில் ஒருவரால்கூட அந்த நாயிடம் ‘அவர் வரமாட்டார்’ என்று சொல்ல முடியவில்லை பாருங்கள். சிலை வைக்க முடிந்தது, சொல்ல முடியவில்லை. நம் வீட்டு நாய்க்கு நாம் ‘வருவேன்’ என்றாவது சொல்லலாம். நாம்தான் உயிரோடு இருக்கிறோமே, திரும்பி வருகிறோமே!

இதில் பெரியவர்களைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். ஐந்து வரை எண்ணிவிட்டு வர உங்களுக்கு அலுக்காது. பெரியவர்களுக்கு மூன்றாவது தடவையே முதுகு வலிக்கும். புதிதாகக் குட்டி வாங்கிய வீடு என்றால் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கோடை விடுமுறையில் நாள் முழுக்க அதனோடு விளையாடிவிட்டு, ஜூன் மாதம் ஒரே நாளில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். மே மாதக் கடைசியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நாய் காயப்படுத்திக்கொள்கிறது, பல நாள் பழக்கியும் கேட்கவில்லை என்றால் அப்பாவை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கு இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. போன வாரம் நாங்கள் இருவரும் திண்டுக்கல் போய்வர மூன்று மணி நேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவள் தம்பி செல்போனை வைத்துத் தந்தான். படத்தைப் பார்த்தோம். கிண்ணத்தை நக்கி முடித்தது. ஜன்னலில் ஒரு முறை எட்டிப் பார்த்தது. லுங்கி மேல் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தது. நாங்கள் சாவி போடும் சத்தம் கேட்டபோதுதான் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. கதவில் அந்தப் பழைய பிறாண்டலுக்கு நாங்கள் பெயின்ட் அடிக்கவில்லை.

பெட்டி விஷயம்தான் இன்னும் பாக்கி இருக்கிறது. பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினால் போதும், ஓடிவந்து அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. பேரனை ரயிலேற்றிய அந்த நாளை மறக்கவில்லை போலும். சாவிக்குச் செய்ததைப் பெட்டிக்கும் செய்து பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் அதை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறார். இன்றோடு நான்கு நாள். வருகிறவர்கள் எல்லாம், “எங்க டீச்சர் கிளம்பிட்டீங்க?” என்று கேட்கிறார்கள்.